அத்தை உட்கார்ந்த இலை

மலாக்காவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. காரணம் எளிது. அது சிரம்பான் இல்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜூலை மாதம். அடுத்த மாதம் மலாயாவுக்குச் சுதந்திரம் என்று எங்கள் எஸ்டேட்டில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. எனக்கு அதைவிட அவசரமான பேச்சு ஒன்று இருந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டதில் சிரம்பானிலும் இடம் கிடைத்திருந்தது, மலாக்காவிலும் கிடைத்திருந்தது. இரண்டுமே பகல் நேரக் கல்லூரிகள். விடுதி கிடையாது. சிகாமட் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணான எனக்கு எந்த ஊரானாலும் தங்குவதற்கு ஒரு வீடு வேண்டும். சிரம்பானில் வீடு தயாராக இருந்தது, பூங்காவனம் அத்தை வீடு. அந்த வீட்டில் அத்தை மகன் கலியாணசுந்தரமும் தயாராக இருந்தார்.

கலியாணசுந்தரம் அத்தானைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அரசாங்க ஸ்டோரில் வேலை. கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தன் வயிற்றுக் கோளாறைப் பற்றி அப்பாவிடம் விவரமாகப் பேசுவார். அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர், கேட்டுத்தான் ஆக வேண்டும். பேச்சு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "படிக்கிறியா?" என்பார். "படிக்கிறேன்" என்பேன். எங்கள் காதல் அவ்வளவுதான். அத்தை வீட்டில் தங்கிப் படித்தால், படிப்பு முடிந்த கையோடு மாலை மாற்றிவிடுவார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு அது.

ஆகவே மலாக்காவில் ஒரு வீடு அமைந்தாக வேண்டும். அதுவும் அன்றைக்கே. அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு நாள் லீவு. அந்த வாரத்துக்குள் பெயரை உறுதி செய்யாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நானும் அப்பாவும் மட்டும் போவதாகத்தான் இருந்தது. மலாக்கா பஸ் பிடிக்கத் தம்பின் ஊர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினால், பிளாட்பாரத்தில் குடையும் கையுமாக அத்தை நிற்கிறார். சிரம்பானிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்திருக்கிறார்.

"வயசுப் புள்ளயத் தங்க வைக்கிற எடம், பொம்பள கண்ணு பாக்க வேணாமா தம்பி?" என்றார்.

"நல்லதுதான் அக்கா" என்றார் அப்பா. அப்பா அத்தையிடம் மறுத்து எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அத்தைக்கு விட்டுக்கொடுக்காமல் நானே பிடித்துக்கொண்டேன்.

அலோர் காஜா தாண்டியதும் அத்தை வேலையைத் தொடங்கினார். பஸ் போகிற சடக்கில் வளைவு ஜாஸ்தி, வாந்தி வரும் என்றார். மலாக்கா நெருங்கியதும் கடல் காற்றுக்கு முடி கொட்டும் என்றார். டவுனில் இறங்கியதும் சாக்கடை நாறுகிறது என்றார். நாறியது உண்மை. ஆனால் எனக்கு அது மணக்காத குறையாக இருந்தது. ஆற்றில் படகுகள், கடைகளுக்கு முன்னால் ஏணி வைத்துச் சாயம் பூசுகிறவர்கள், சீனர் கடையில் அடுக்கிய தகரப் பெட்டிகள், மணி அடித்துக்கொண்டு குறுக்கே பாயும் மூன்று சக்கரத் திரிஷாக்கள். எஸ்டேட்டில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வரிசையில் ரப்பர் பால் வடிக்கிற கித்தா மரம். இங்கே எதுவும் வரிசையில் நிற்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்லூரியைப் பார்த்ததும் அத்தைக்குச் சிரிப்பு வந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, நீளமாக நாலைந்து கொட்டகைகள்.

"படிக்கிற எடமா, ரப்பர் ஷீட்டு காயப் போடுற எடமா?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை, பார்க்க அப்படித்தான் இருந்தது. ஆனால் அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பார்த்தது சைக்கிள் கொட்டகையை. எல்லாம் பெண்கள் ஓட்டுகிற சைக்கிள்கள். பாஜு குரோங் போட்ட மலாய்ப் பெண், கவுன் போட்ட சீனப் பெண், சேலைக்காரி ஒருத்தி, மூன்று பேரும் எதையோ சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சேலைக்காரி என்னைப் பார்த்து, "புதுசா? செப்டம்பருக்கா?" என்றாள். நான் தலையாட்டினேன். "சைக்கிள் ஓட்டத் தெரியாட்டி பரவால்ல, வந்து கத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்துப் போய்விட்டாள். போகிற போக்கில் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஒரு வகுப்பறை காலியாக இருந்தது. உள்ளே போய் சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் என் பெயரை எழுதினேன். விஜயா மருதமுத்து. திரும்பி வெறும் பெஞ்சுகளைப் பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்குக் கலியாணசுந்தரம் நினைவே வரவில்லை. சிரம்பானும் நினைவில்லை. இங்கேதான், இந்த அறையில்தான் என்று மனம் அடித்துக்கொண்டது. அதுவரை தப்பித்தால் போதும் என்று இருந்தவள், அப்போது முதல் தவறிவிடுமோ என்று பயப்பட ஆரம்பித்தேன்.

ஆபீஸில் கணக்கெழுதிக்கொண்டிருந்த கிராணி நல்ல மனுஷர். வெளியூர்ப் பெண்களுக்கு அறை கொடுக்கிற வீடு காஜா பெராங்கில் ஒன்று இருக்கிறது, பாக்கியலட்சுமி என்கிற அம்மா வீடு, நேரே போய்ப் பாருங்கள் என்றார். நம்மவர் பெயராக இருந்ததைக் கேட்டதும் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. அத்தைக்கு முகம் சுருங்கியது.

ஜாலான் பெண்டஹாராவில் ஒரு கடையில் அப்பாவும் நானும் இட்டிலி சாப்பிட்டோம். அத்தை தண்ணீர்கூடத் தொடவில்லை. "இந்த ஊரு எண்ணெ எனக்கு ஆவாது" என்று சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் வடை வந்தபோது அவர் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். விடியுமுன் கிளம்பியவர். ஆனாலும் கொள்கையை விடவில்லை.

காஜா பெராங் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பலகை வீடு, வாசலில் மாவிலைத் தோரணம். கதவு சாத்தியிருந்தது. நாங்கள் கூப்பிட, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கெபாயாச் சட்டை, இடுப்பில் பூப்போட்ட சாரோங், ஊசி குத்திய கொண்டை, நெற்றி நிறைய விபூதி. அவர் வாயைத் திறந்ததும் வந்தது சுத்த மலாய்.

அத்தை என் காதைக் கடித்தார். "மலாய்க்காரி வீட்டுக்கா கூட்டியாந்த? விபூதி எதுக்குடி பூசியிருக்கா?"

"மலாக்காச் செட்டி ஆளுங்க அத்தை. நம்ம சாமியத்தான் கும்பிடுறாங்க. தமிழ் மறந்துபோச்சு" என்று முணுமுணுத்தேன். பல தலைமுறைக்கு முன்னால் மலாக்காவுக்கு வந்து இங்கேயே கலந்துவிட்ட வியாபாரிகளின் வம்சம். பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தேனே தவிர, நானும் அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன்.

பாக்கியலட்சுமி அம்மா மலாயில் பேசியதையெல்லாம் இனி நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு அந்த மலாய் புரியவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி, "வாருங்கள், பின்பக்கம் வந்து உட்காருங்கள். இன்றைக்கு வீட்டில் விசேஷம். கொஞ்ச நேரம் கழித்துப் பேசலாம்" என்றார். பின்கட்டில் அவர் கணவர் கணேசமூர்த்தியும் சொந்தக்காரர்கள் சிலரும் பாயில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. என்ன விசேஷம் என்று கேட்க எனக்குக் கூச்சம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். அத்தை கால் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிக் கிணற்றடிப் பக்கம் போனார்.

போனவர் வரவில்லை.

கிணற்றடியில் பார்த்தேன், இல்லை. வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்தால் சாத்தியிருந்த வாசல் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. சாம்பிராணிப் புகை வெளியே வந்தது. எட்டிப் பார்த்தேன்.

கூடத்தில் சுவரோரமாகப் பாய் விரித்து வரிசையாக வாழை இலைகள். தேங்காய்ப்பால் சோறு, கோழி, மீன் குழம்பு, மிளகாய் அரைத்த முட்டை சம்பால், டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் பழங்கள். ஒவ்வோர் இலைக்கும் ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு சின்ன விளக்கு. மூன்றாவது இலைக்கு முன்னால் பூங்காவனம் அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீன் முள்ளைப் பக்குவமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வா விஜி, ஒக்காரு" என்றார். "ரூமுக்கு ஆள் புடிக்கணும்ல, அதான் தடபுடலா வெருந்து. உங்கப்பனுக்குச் சுருட்டுகூட வச்சிருக்காங்க பாரு. ஆனா சும்மா சொல்லக் கூடாது, மீனு நல்லாருக்கு."

பக்கத்து இலையில் நிஜமாகவே ஒரு சுருட்டு இருந்தது. அதற்கடுத்த இலையில் வெற்றிலைப் பெட்டி. இன்னொன்றில் மடித்த புதுச் சாரோங். நான் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். இலைகளுக்கு மேலே படங்கள். எல்லாப் படத்துக்கும் மாலை.

எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்குப் படையல் என்றால் படத்துக்கு முன்னால் ஓர் இலை, அவ்வளவுதான். இப்படிப் பந்தி மாதிரி வரிசையாகப் போடுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அத்தை இடத்தில் எந்தத் தோட்டத்துக்காரர் இருந்தாலும் இதைப் பந்தி என்றுதான் நினைத்திருப்பார். அந்த வீட்டுக்காரர்கள் பின்கட்டில் வாய் பேசாமல் காத்திருப்பது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரியவர்கள் வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

"அத்தை, எந்திரிங்க. இது பந்தி இல்ல, படையல். நீங்க ஒக்காந்திருக்கிறது செத்தவங்க எலையில."

அத்தையின் கை அப்படியே நின்றது. மெல்ல நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். மூன்றாவது படத்தில் இருந்த கிழவி அவரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயையோ, மாரியாத்தா" என்று மெதுவாகச் சொன்னார். உடனே அவருக்குச் சாமர்த்தியம் திரும்பிவிட்டது. "சத்தம் போடாத. நான் அந்தப் பக்கமாப் போயி கை கழுவிடுறேன். கேட்டா பூனை வந்து வாய வச்சிருச்சின்னு சொல்லு. கதவு தெறந்துதானே கெடக்கு."

சொல்லியிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. சொன்னால் அறை கிடைக்கும், கல்லூரி கிடைக்கும், சைக்கிள் கிடைக்கும். உண்மையைச் சொன்னால் மூன்று பேரையும் வாசலோடு விரட்டினாலும் விரட்டுவார்கள். அப்புறம் அப்பாவுக்கு லீவும் இல்லை, எனக்குச் சிரம்பான்தான். அத்தை மேல் வந்த ஆத்திரத்தில் அந்தக் குடையாலேயே ஓர் அடி போடலாம் போலிருந்தது.

ஆனால் பூனை என்று சொன்னால் இவர்கள் என்ன நினைப்பார்கள்? பார்த்துப் பார்த்துச் சமைத்துப் படைத்ததை மிருகம் வாய் வைத்துவிட்டது, பெரியவர்களுக்கு ஏதோ மனக்குறை என்று வருஷம் பூராவும் வேதனைப்படுவார்கள். அந்த வீட்டிலேயே தங்கி, அவர்கள் போடுகிற சோற்றையே தின்றுகொண்டு, தினமும் நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஓர் அறை எனக்குப் பிடிக்காது. கல்லூரி எவ்வளவு பிடித்திருந்தாலும் பிடிக்காது. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பின்கட்டுக்கு ஓடினேன். எல்லார் முன்னாலும், எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டேன். "அம்மா, மன்னிக்க வேண்டும். என் அத்தை விருந்து என்று நினைத்து உள்ளே ஓர் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார். எங்களுக்கு உங்கள் வழக்கம் தெரியாது."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். கணேசமூர்த்தி முதலில் உள்ளே போனார், பின்னாலேயே பாக்கியலட்சுமி அம்மா, அவர்களுக்குப் பின்னால் நாங்கள் எல்லாரும். அத்தை எச்சில் கையை ஏந்தியபடி கூடத்தின் நடுவில் நின்றார். அவ்வளவு சின்ன உருவமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் தடவையாக அவர் மேல் பாவமாக இருந்தது.

கணேசமூர்த்தி இலையைப் பார்த்தார். "என் அம்மாவுடைய இலை" என்றார்.

பாக்கியலட்சுமி அம்மா குனிந்து பார்த்தார். கோழி தொடவில்லை. முட்டை தொடவில்லை. மீன் மட்டும் நடுமுள் தவிர ஒன்றும் மிச்சமில்லை. நிமிர்ந்து என்னிடம் கேட்டார்.

"சாப்பிட்டுவிட்டு இவர் ஏதாவது சொன்னாரா?"

"மீன் நன்றாக இருக்கிறது என்றார்."

"நீ சொல்லாதே. அவரையே சொல்லச் சொல்."

நான் அத்தையிடம் சொன்னேன். அத்தை எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எச்சிலை விழுங்கிக்கொண்டு, "மீனு நல்லாருக்கு" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் பூங்காவனம் இல்லை. "உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றார்.

அதை நான் மலாயில் சொல்லத் தயங்கினேன். ஆனால் உப்பு என்ற சொல் அவர்கள் வீட்டிலும் புழங்கியது போலிருக்கிறது. பாக்கியலட்சுமி அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் அவரைப் பார்த்தார். அடுத்த நொடி அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது அழுகையாகி, மறுபடி சிரிப்பானது.

"மாமியாரேதான்" என்றார் கடைசியில். "உயிரோடு இருந்தவரை என் கையால் எதைத் தின்றாலும் ஒரு குறை சொல்லாமல் கை கழுவியதில்லை. வருஷா வருஷம் அவருக்குப் பிடித்த மீனைச் செய்து வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்து, வந்தாரோ இல்லையோ, பிடித்ததோ இல்லையோ என்று யோசிப்பேன். நன்றாக இருக்கிறது என்று இன்றைக்குத்தான் கேட்டேன்."

நான் இதைத் தமிழில் சொன்னதும் அத்தை, கழுவாத கையோடு சுவரில் இருந்த கிழவியைத் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை அந்தப் பார்வையில் பயத்தைவிட மரியாதைதான் அதிகம் இருந்தது.

புது இலை போட்டார்கள். அந்த விளக்கை மறுபடி ஏற்றினார்கள். எல்லாரும் பின்கட்டுக்குப் போய்த் திரும்பவும் காத்திருந்தோம். அத்தையும் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு இலை போட்டார்கள். அத்தைக்கு மீன் இரண்டு துண்டு. உப்பைப் பற்றி இம்முறை அவர் பேசவில்லை.

சாப்பாடு முடிந்ததும் பாக்கியலட்சுமி அம்மா அறையைக் காட்டினார். சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலைத் திறந்தால் ரம்புத்தான் மரம். "பூனை என்று சொல்லியிருக்கலாமே, எங்கள் வீட்டில் பூனை நாலு இருக்கிறது" என்றார் என்னிடம். அத்தை சொன்னது இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் திருதிருவென்று விழித்தேன். அவர் என் தலையைத் தடவினார். "செப்டம்பரில் வந்துவிடு" என்றார்.

வீடு அமைந்துவிட்டது. இனிமேல் எந்தத் தடையும் இல்லை, ஒன்றைத் தவிர. அப்பா வழக்கப்படி அத்தை பக்கம் திரும்பினார்.

"என்னக்கா சொல்றீங்க?"

அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அப்பா, என்னையக் கேளுங்க. இந்தக் காலேஜும் இந்த ஊரும் எனக்குப் புடிச்சிருக்கு. இந்த வீடும் புடிச்சிருக்கு. நான் சிரம்பானுக்குப் போகல. கலியாணசுந்தரம் அத்தானக் கட்டிக்கிறதா இல்ல. அவர் நல்லவருதான். எனக்கு வேணாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பாஷை புரியாவிட்டாலும் பாக்கியலட்சுமி அம்மா மெதுவாக அறையை விட்டு வெளியே போய்விட்டார். அத்தை கட்டிலில் உட்கார்ந்து குடையைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு வலித்தது, ஆனால் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூனைன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரல ஒனக்கு" என்றார் அத்தை. "எம் மொகத்துக்கு நேரா இதச் சொல்ல மட்டும் வருது."

"ரெண்டும் ஒண்ணுதான் அத்தை."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டார்.

"தம்பி, போயி பேரக் குடுத்துட்டு வா. ஆபீஸ மூடிடப் போறான்" என்றார். பிறகு என்னிடம், "அந்தம்மாகிட்ட மீனு கொஞ்சம் கட்டித் தரச் சொல்லு. கலியாணசுந்தரத்துக்குக் குடுக்கணும். வேற என்னத்த அவனுக்குக் கொண்டு போவேன்."

அவரை அப்படியே கட்டிக்கொண்டேன். அத்தை விறைப்பாக நின்றார், ஆனால் தள்ளிவிடவில்லை. பிறகு நான் யாரையும் கேட்காமல் அடுக்களைக்குப் போய் ஓர் இலையைக் கிழித்து, சட்டியைத் திறந்து, மீன் எடுத்து வைத்தேன். பாக்கியலட்சுமி அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னும் ஒரு துண்டு வை" என்றார்.